மூவாயிரமாவது போர்ட்

கூத்தாநல்லூர் உரக்கடை மாடியில்
யூரியா வாடைக்கு நடுவே
நான்கு வருஷம் ஓடியது அந்தப் பெட்டி.
"மூவாயிரமாவது போர்ட்டில் காத்திருக்கிறேன்"
என்று கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதிவிட்டு
அப்படியே காத்திருந்தது.

கலியபெருமாளுக்கு ஏழு அறுவடை வண்டி.
டயர் வண்டி நாலு, பெல்ட் வண்டி மூன்று.
தை மாசியில் முத்துப்பேட்டை வரைக்கும்
எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டும்.
குறுவைக்குக் கொஞ்சம் பேர் கேட்பார்கள்.
மற்ற மாதங்களில் ஒருவருக்கும் வேண்டாம்.
பெட்டிக்கு அது தெரியாது.
சித்திரை வெயிலிலும் விசிறியைச் சுழற்றிக்கொண்டு
யாரும் தட்டாத கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.
மின்கட்டணம் மட்டும் தவறாமல் வரும்.

கார்த்திகைப் புயலில்
தகரக் கூரை பிய்ந்து தண்ணீர் இறங்கி
பெட்டி நின்றது.
"கிளவுடுல ஏத்திடலாம்" என்றேன்.
"அப்படின்னா?"
"மேகம்."
"இந்த வருஷ மழை போதாதா உனக்கு?"

அங்கே பெட்டி இல்லை.
இருக்கிறது, எங்கோ, யாருடையதோ.
கேள்வி வந்தால் எழும், பதில் சொல்லும்,
அடுத்தது வராவிட்டால் கலைந்துபோகும்.
விழித்திருந்த நேரத்துக்கு மட்டும் காசு,
மில்லி நொடிக் கணக்கில்.

என் நிரலில் ஒரு வரி மாற்றவில்லை.
வெளியே மெல்லிய உறை ஒன்று சுற்றினேன்.
வருகிறவரை அது கைபிடித்து அழைத்துவந்து
"வாசல் வழியாகத்தான் வந்தார்" என்று
உள்ளே பொய் சொல்லும்.
நிரல் நம்பிவிட்டது.
வாசலே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு
"மூவாயிரமாவது போர்ட்டில் காத்திருக்கிறேன்"
என்று எழுதியது.
அன்று ராத்திரி தனியாகச் சிரித்தேன்.

தை பதினொன்று. விடியற்காலை நாலே முக்கால்.
"நூருல், அஞ்சாம் நம்பர் வண்டிய
வடபாதிமங்கலத்துக்கும் எழுதியிருக்கே,
பூதமங்கலத்துக்கும் எழுதியிருக்கே.
ரெண்டு பேரும் வரப்புல நிக்கிறாங்க.
வண்டிய நடுவுல அறுத்துக் குடுக்கவா?"

பழைய பெட்டிக்கு ஒரே தலை.
எந்த வண்டி எங்கே என்பதை
அதன் நினைவிலேயே விட்டுவைத்திருந்தேன்.
கரண்ட் போன நாட்களில்
நோட்டைப் பார்த்து நானே திரும்ப ஏற்றுவேன்.
இங்கே கூட்டம் வந்ததும்
ஒன்று இரண்டானது, இரண்டு ஒன்பதானது.
ஒவ்வொன்றும் அப்போதுதான் பிறந்தது.
ஒவ்வொன்றின் கண்ணிலும்
ஏழு வண்டியும் சும்மா நின்றன.

நினைவில் கிடந்ததையெல்லாம் வெளியே எடுத்து
எல்லாரும் பார்க்கும் ஒரே அட்டவணையில் வைத்தேன்.
முதலில் கை வைத்தவருக்கு வண்டி.
அடுத்தவருக்கு அடுத்த வண்டி, அடுத்த மணி.
பதினெட்டு வரி.
பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிக்கும்போது
எட்டு வரி பாக்கி.

வண்டி வடபாதிமங்கலம் போனது.
பூதமங்கலத்துக்கு மறுநாள்.
அந்த ராத்திரி தூறல்.
ஈரப்பதம் பத்தொன்பது என்று
கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டார்கள்.
நாலு மா நெல்.
எந்தப் பதிவிலும் அதற்கு ஒரு வரி இல்லை.
கலியபெருமாள் வாடகை வாங்கவில்லை என்று
டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

இப்போது வைகாசி. வெண்ணாற்றில் மணல்.
போன மாதக் கட்டணம் பூஜ்யம்.
"கணக்குல தப்பா?" என்று கேட்டார், நம்பாமல்.
இன்று மதியம் இரண்டு பத்துக்கு
யாரோ உள்ளே வந்திருக்கிறார்.
எழுந்துகொள்ள இரண்டரை நொடி பிடித்திருக்கிறது.
மூவாயிரமாவது போர்ட்டில் காத்திருக்கிறேன் என்ற
அதே வரி, வழக்கம்போல.
ஊர் என்ற கட்டத்தில் பூதமங்கலம்.
பதிவு எதுவும் செய்யவில்லை.
வண்டி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.
ஏழும் இருந்தன.